வானத்திலிருந்து புனே வரை ஒரு சவ்வு

2005 ஏப்ரலில் ஹைதராபாத்தின் தேசிய பலூன் தளத்திலிருந்து ஒரு பலூன் கிளம்பியது. அதன் கொள்ளளவு 2 கோடியே 67 லட்சம் கன அடி. அதில் தொங்கிய கருவிகளின் எடை 459 கிலோ. அவற்றுக்குள் காற்றை முழுக்க வெளியேற்றி, கிருமி நீக்கிய 16 எஃகுக் குழாய்கள் 38 கிலோ திரவ நியானில் மூழ்கியிருந்தன. நியான் திரவமாக இருக்க வேண்டுமென்றால் மைனஸ் 246 டிகிரி குளிர் வேண்டும். அந்தக் குளிரில் குழாய்க்குள் நுழைந்த காற்று சுவரிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் குறையாமல் இருப்பதால் வெளிக்காற்று மேலும் மேலும் உள்ளே வரும். 20 கிலோமீட்டர் முதல் 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் இப்படிக் காற்றைப் பிடித்துக்கொண்டு, குழாய்கள் பாராசூட்டில் இறங்கின.

இந்த முயற்சியின் முதன்மை ஆய்வாளர் புனேக்காரர். அயூகா என்று எல்லோரும் சொல்லும் வானியல், வானியற்பியல் மையத்தை அங்கே நிறுவிய ஜயந்த் நார்லிகர்தான் அவர். கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஃபிரெட் ஹாயில், கொழும்பில் பிறந்த சந்திர விக்ரமசிங்கவுடன் சேர்ந்து, உயிரின் விதைகள் விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்திருக்கலாம் என்று பல ஆண்டுகள் வாதிட்டவர். அந்த வாதத்தைக் காற்றைப் பிடித்தே சோதித்துவிடலாம் என்று இறங்கியது நார்லிகரின் குழு. யு.ஆர். ராவும் பி.எம். பார்கவாவும் வழிகாட்ட, இஸ்ரோ பின்னால் நின்றது. 2001இல் ஒருமுறை செய்து பார்த்ததை, இன்னும் கவனமாகத் திரும்பச் செய்ததுதான் 2005ஆம் ஆண்டுப் பயணம்.

இறங்கிய குழாய்கள் இரண்டு ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒன்று ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம். அங்கே பொறுப்பு எஸ். சிவாஜியிடம். இன்னொன்று புனே பல்கலைக்கழக வளாகத்திலேயே, அயூகாவின் அக்கம்பக்கத்தில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையம். அங்கே யோகேஷ் ஷௌச்சே. ஒருவர் முடிவை மற்றவர் பார்த்துச் சாயாமல், ஒரே செய்முறையைத் தனித்தனியாகச் செய்தார்கள். காற்றிலிருந்து 12 பாக்டீரியாத் திட்டுகளும் 6 பூஞ்சைத் திட்டுகளும் வளர்ந்தன. அவற்றில் 9 ஏற்கெனவே தெரிந்த பூமி இனங்களோடு 98 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போயின. மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் புதியவை. 2009இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்: ஹாயில் நினைவாக ஜானிபாக்டர் ஹாயிலி, இஸ்ரோ நினைவாக பாசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், ஆர்யபட்டர் நினைவாக பாசில்லஸ் ஆர்யபட்டாய். நம் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவை உருவாக்கிய குழுவை வழிநடத்திய யு.ஆர். ராவ் இந்தத் திட்டத்திலும் இருந்ததால், மூன்றாவது பெயர் எனக்குத் தனியாகப் பிடிக்கும்.

அந்த மூன்றாவது இனத்தின் பின்னால்தான் இந்தக் கட்டுரை போகிறது. ஆய்வேட்டில் அதன் அடையாள எண் பி8டபிள்யூ22. அது வேற்றுலக உயிரா என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என் அக்கறை அதன் தோலில், அதாவது செல் சவ்வில். பாக்டீரியாவுக்கு உடல் வெப்பம் என்று ஒன்று கிடையாது. சுற்றுப்புறம் எத்தனை டிகிரியோ அதுவும் அத்தனை டிகிரி. மேலடுக்குக் காற்றில் பிடிபட்டு, திரவ நியானில் கிடந்து, 17 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 75 டிகிரிக்கும் கீழே போகும் குளிரைத் தாண்டி இறங்கி, கடைசியில் ஓர் ஆய்வக இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் கண்விழிக்கும் ஒரு செல்லின் சவ்வு எதையெல்லாம் பார்த்திருக்கும்?

மேலே இருக்கும்வரை அது எதையும் செய்வதில்லை என்பதுதான் பதிலின் முதல் பாதி. பாசில்லஸ் குடும்பத்துக்கு ஸ்போராக மாறிக்கொள்ளத் தெரியும். தடித்த உறைகளுக்குள், நீர் வற்றிய உள்ளறையில், மரபணுவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கிடக்கும். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த ஸ்போர்களின் உட்சவ்வை அளந்து பார்த்தது. அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் ஏறக்குறைய அசைவே இல்லாமல் நின்றிருந்தன. ஸ்போர் முளைத்ததும் சில நிமிடங்களில் அதே கொழுப்பு இளகி ஓட ஆரம்பித்தது. சவ்வு விரிந்தது, அதற்காகப் புதுக் கொழுப்பு எதுவும் தயாராகவில்லை. குளிருக்கு ஏற்பச் சவ்வைச் சரிசெய்யும் வேலை, வளர்ந்துகொண்டிருக்கும் செல்லுக்கு உரியது. தூங்குகிற செல் அந்தச் செலவைச் செய்வதில்லை.

இளகுவது ஏன் அவ்வளவு முக்கியம்? சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. மொத்தத் தடிமன் 4, 5 நானோமீட்டர்தான். அதற்குள் புரதங்கள் மிதக்கின்றன. உணவை உள்ளே இழுப்பது, உப்பை வெளியே தள்ளுவது, சுவாசித்து ஆற்றல் எடுப்பது எல்லாம் அந்தப் புரதங்களின் வேலை. சுற்றியிருக்கும் கொழுப்பு இறுகிவிட்டால் அவை நகர முடியாது, வடிவம் மாற முடியாது. கொழுப்பு மிகவும் இளகினால் சவ்வு ஒழுக ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே கடலை எண்ணெய் நீராக நிற்கும். புனேயின் டிசம்பரில் இது தினசரிக் காட்சி. சவ்வுக்குள் நடப்பதும் அதே வேதியியல். தேங்காய் எண்ணெயில் நேரான, நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். கடலை எண்ணெயில் இரட்டைப் பிணைப்பால் வளைந்தவை அதிகம். அவற்றை அப்படி அடுக்க முடியாது. பால்மிடிக் அமிலம் உருகுவதற்கு 63 டிகிரி வேண்டும். அதே நீளத்தில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு சேர்ந்த பால்மிடோலியிக் அமிலம் 0 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. பாட்டிலில் இருக்கும் எண்ணெய்க்குத் தன் கலவையை மாற்றிக்கொள்ள வழியில்லை. பாக்டீரியாவுக்கு இருக்கிறது.

அதை எண்ணில் காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் சினென்ஸ்கி. 1974இல் அவர் எஷெரிச்சியா கோலை பாக்டீரியாவை 15 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை பல வெப்பநிலைகளில் வளர்த்தார். ஒவ்வொன்றின் சவ்வுக் கொழுப்பும் எவ்வளவு குழகுழப்பாக இருக்கிறது என்று அந்தந்த வெப்பநிலையிலேயே அளந்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. கொழுப்பின் கலவை மாறிக்கொண்டே போனது, இளக்கம் மாறவில்லை.

நம் கதாநாயகனுக்கு இன்னும் நெருங்கிய சொந்தத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஆர்யபட்டாய்க்கு மிக நெருங்கிய உறவினம் பாசில்லஸ் மெகாட்டேரியம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்மண்ட் ஃபுல்கோ அதை வைத்து 1960களில் தொடங்கிய வேலை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. 35 டிகிரியில் வளரும் மெகாட்டேரியத்திடம், தயாராகிவிட்ட கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்புப் போடும் நொதியே இருக்காது. 20 டிகிரிக்கு இறக்கினால் அந்த நொதியைச் செய்ய ஆரம்பிக்கும். பால்மிடிக் அமிலத்தின் ஐந்தாவது கார்பனில் ஒரு வளைவு விழும். இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், சூட்டிலிருந்து குளிருக்கு வந்த செல்கள் முதலில் தேவைக்கு மேலேயே அந்த நொதியைச் செய்து குவித்துவிடும் என்பது. முதலிலிருந்தே 20 டிகிரியில் வளர்ந்த செல்கள் வைத்திருப்பதைவிட அது அதிகம். அவசரத்துக்கு அள்ளி எடுத்துவிட்டு, பிறகு அளவுக்கு வருகின்றன. புதுச் செல் பிறந்து புதுக் கொழுப்போடு சவ்வு மாறும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது, இருக்கிற கொழுப்பையே அங்கேயே வளைத்துவிடுகிற ஏற்பாடு இது.

செல்லுக்குக் குளிர் வந்துவிட்டது என்று சொல்வது யார்? இதற்குப் பதில் வர 2001 ஆனது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் தியேகோ தெ மெந்தோசாவின் குழு, பாசில்லஸ் சப்டிலிஸ் சவ்வில் பதிந்திருக்கும் டெஸ்கே என்ற புரதம்தான் அந்தக் காவல்காரன் என்று காட்டியது. குளிர்ந்தால் சவ்வின் கொழுப்புச் சங்கிலிகள் விறைத்து நீண்டு நிற்கும். சவ்வு சற்றே தடிக்கும். அந்தத் தடிப்பை டெஸ்கே உணர்கிறது. உணர்ந்ததும் டெஸ்ஆர் என்ற இன்னொரு புரதத்துக்கு ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றுகிறது. டெஸ்ஆர் போய் இரட்டைப் பிணைப்புப் போடும் நொதியின் மரபணுவை எழுப்புகிறது. வளைந்த கொழுப்பு வேண்டிய அளவுக்குச் சேர்ந்து சவ்வு பழைய தடிமனுக்கு வந்ததும் டெஸ்கே கையை எடுத்துக்கொள்ளும். அளப்பதும் அளக்கப்படுவதும் ஒரே சவ்வு. தெர்மாமீட்டர் தனியாக இல்லை.

பாசில்லஸ் இனங்களிடம் இன்னொரு வழியும் உண்டு, நிதானமானது. அவற்றின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பான்மைக்கு வால்பக்கத்தில் ஒரு கிளை இருக்கும். லியூசினில் தொடங்கிக் கட்டினால் கிளை கடைசிக்கு ஒரு கார்பன் முன்னால் விழும்; ஐசோலியூசினில் தொடங்கினால் அதற்கும் ஒரு கார்பன் முன்னால். ஒரு கார்பன் தள்ளிப்போவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். 15 கார்பன் நீளமுள்ள முதல் வகை 52 டிகிரி அளவில் உருகும், இரண்டாவது வகை 23 டிகிரி அளவிலேயே உருகிவிடும். குளிரில் வளரும் செல் இரண்டாவது வகையை அதிகமாகக் கட்டுகிறது. ஆர்யபட்டாயிடமும் இந்த இரண்டும்தான் முக்கியக் கொழுப்பு அமிலங்கள். அமினோ அமிலக் கையிருப்பில் எதை எடுத்துத் தொடங்குவது என்ற தேர்விலேயே பருவநிலைக்கான பதில் இருக்கிறது.

சூட்டுப் பக்கத்திலும் ஒரு நல்ல கதை உண்டு. அது ஹைதராபாத்துக்குச் சொந்தம். சிவாஜி பலூன் காற்றைத் தொடுவதற்கு வெகு முன்பே அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் சோலை மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தவர். அங்கிருந்து வந்த சூடோமோனாஸ் சிரிஞ்சே ஒன்று 0 டிகிரியிலும் வளரும். அதற்குக் குளிர் பிரச்சினையே இல்லை. நம் ஊர்ச் சூடுதான் பிரச்சினை. வளைந்த இரட்டைப் பிணைப்பை நேராக்கிவிடும் ஒரு நொதி அதனிடம் உண்டு. வனஸ்பதியால் நமக்குப் பழக்கமான டிரான்ஸ் கொழுப்பின் அதே அமைப்பு. நேரானதும் கொழுப்பு நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், சவ்வு கெட்டிப்படும். 2004இல் சிவாஜியின் குழு அந்த நொதியின் மரபணுவைக் கெடுத்துப் பார்த்தது. பாக்டீரியா குளிரில் வழக்கம்போல வளர்ந்தது. வெப்பம் ஏறியதும் அதனால் வளர முடியவில்லை. தென் துருவத்து உயிர் ஒன்று இந்தியச் சூட்டைத் தாங்குவதற்கு எந்த ஒரு மூலக்கூறை நம்பியிருந்தது என்று இந்திய ஆய்வகமே கண்டுபிடித்துச் சொன்னது. இதற்கு இன்னும் நிறைய வெளிச்சம் கிடைத்திருக்க வேண்டும்.

மறுபடி புனேவுக்கு. இங்கே 2009இல் தேசிய செல் அறிவியல் மையத்தின் கீழ் ஒரு நுண்ணுயிர்ச் சேகரிப்பு தொடங்கப்பட்டது. இன்று அதற்குத் தேசிய நுண்ணுயிர் வள மையம் என்று பெயர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மண், நீர், குடல், வேர் என்று எங்கெங்கோ பிடித்த பாக்டீரியாக்கள் அங்கே வந்து சேர்கின்றன. அதற்கும் முன்பிருந்தே, 1951 முதல், பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குள் தொழில்துறை நுண்ணுயிர்களின் சேகரிப்பு ஒன்று நடந்துவருகிறது. புதிதாக வரும் பாக்டீரியா யார் என்று கண்டுபிடிக்க மரபணு வரிசையோடு பயன்படும் இன்னொரு வழி, சவ்வின் கொழுப்பு அமிலங்களை எண்ணுவது.

அந்த வேலையை அருகில் பார்க்க வேண்டும். டிரிப்டிக் சோயா அகார் தட்டில் பாக்டீரியாவை நான்கு பகுதிகளாகக் கோடிழுத்துப் பூசுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் செல்கள் முன்னதைவிட அரிதாகும். தட்டு 28 டிகிரியில் 24 மணிநேரம் இருக்கும். பிறகு மூன்றாவது பகுதியிலிருந்து மட்டும், 40 மில்லிகிராம் அளவுக்கு, கம்பி வளையத்தால் வழித்தெடுப்பார்கள். முதல் பகுதியில் செல்கள் நெரிசலில் பட்டினி கிடக்கின்றன. நான்காவதில் வழித்தெடுக்கப் போதாது. மூன்றாவதில் இருப்பவை ஏறக்குறைய ஒரே வயது. வழித்ததைச் சோப்பு காய்ச்சுவதுபோலக் காரத்தில் 100 டிகிரியில் அரைமணி நேரம் வேகவைத்தால் சவ்வின் கொழுப்பு பிரிந்துவிடும். மெத்தனாலும் அமிலமும் சேர்த்து அதை ஆவியாகக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, கரைப்பானில் இழுத்து, கேஸ் குரோமடோகிராப் கருவிக்குள் செலுத்துவார்கள். திரையில் சிகரங்கள் எழும். ஒவ்வொரு சிகரமும் ஒரு கொழுப்பு அமிலம். அதன் பரப்பு, அதன் பங்கு. அந்த வரிசையைத் தெரிந்த இனங்களின் வரிசைகளோடு கணினி ஒப்பிடும்.

இதில் 28 என்ற எண்ணை யாரும் தம் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. ஒரே பாக்டீரியாவை ஒருவர் 20 டிகிரியிலும் இன்னொருவர் 37 டிகிரியிலும் வளர்த்துக் கொண்டுவந்தால், கருவி இரண்டு வேறு ஆட்களைக் காட்டக்கூடும். சவ்வு சொல்வதில் பாதி ‘நான் யார்’, மீதிப் பாதி ‘நேற்று எத்தனை டிகிரியில் இருந்தேன்’. இரண்டும் ஒரே மூலக்கூறுகளில் எழுதப்பட்டிருப்பதால் பிரித்துப் படிக்க வழியில்லை. எல்லோரையும் ஒரே வெப்பநிலையில், ஒரே தீனியில், ஒரே வயதில் வைத்தால்தான் இரண்டாவது பாதி எல்லோருக்கும் பொதுவாகி, முதல் பாதி மட்டும் வேறுபட்டுத் தெரியும். இமயப் பனியாற்றிலிருந்து வந்ததோ கொங்கண் வெந்நீர் ஊற்றின் கரையிலிருந்து வந்ததோ, 28 டிகிரியில் வளரக்கூடியதாக இருந்தால் அதே தட்டுதான், அதே 24 மணிநேரம்தான். அந்த வெப்பநிலையில் வளர முடியாததற்கு வேறு நெறி வேண்டும். அதன் பட்டியலை வேறு பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதனால் பி8டபிள்யூ22இன் சவ்வை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை. கணக்கு எளிது. கண்ணுக்குத் தெரியும் ஒரு திட்டில் குறைந்தது பத்து லட்சம் செல்களாவது இருக்கும். அது ஒரு செல்லிலிருந்து சுமார் 20 தடவை இரட்டித்து வந்த கூட்டம். முதல் செல்லோடு வந்த கொழுப்பு அப்படியே மிஞ்சியிருந்தாலும் அது இப்போது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் ஆய்வகத் தீனியில், ஆய்வகச் சூட்டில் கட்டப்பட்டது. 41 கிலோமீட்டர் உயரம் அந்தச் சவ்வில் எந்தத் தடயத்தையும் விட்டுவைக்க முடியாது.

தடயம் இருந்தால் அது மரபணுவில் இருக்க வேண்டும். மூன்று புதிய இனங்களும் தங்கள் நெருங்கிய உறவினங்களைவிடப் புறஊதாக் கதிரை அதிகமாகத் தாங்கின. மேலடுக்கில் ஓசோனின் மறைப்பு குறைந்த இடத்தில் கிடைத்த உயிருக்கு அது பொருந்தும் குணம். ஆனாலும் வேற்றுலகப் பிறப்பை இது உறுதிசெய்யவில்லை என்று குழுவே எழுதியது. அந்தத் தயக்கம் சரி என்றே நான் நினைக்கிறேன். அமினோ அமிலத்தில் தொடங்கும் அதே கிளைச் சங்கிலி, பூமியின் பாசில்லஸ்களோடு கிட்டத்தட்ட ஒன்றாகப் போகும் அதே மரபணு வரிசை. புழுதியோடும் புயலோடும் மேலே போன பூமிவாசி என்ற விளக்கத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. புனே மையம் பிறகு ஜானிபாக்டர் ஹாயிலியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து 2012இல் வெளியிட்டது.

பெயர் வைத்த பிறகு எந்த இனத்துக்கும் ஒரு கடமை பாக்கி: வேறு யார் கேட்டாலும் கிடைக்கும்படி சேகரிப்புகளில் போய்ச் சேர வேண்டும். அங்கே பயணத்தின் மிகக் கடினமான கட்டம் காத்திருக்கிறது. சுழியத்துக்குக் கீழே உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி, செல்லைப் பொடியாக உலர்த்துவார்கள். நீர் போனதும் சவ்வின் கொழுப்புத் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். திரும்ப நீர் படும்போது இறுகிய பகுதிகளும் இளகிய பகுதிகளும் கலந்து நிற்கிற அந்தக் கணத்தில் செல்லின் உள்ளடக்கம் கசிந்துவிடும். உலர்த்தும்முன் டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையோ கொழுப்பெடுத்த பாலோ சேர்ப்பது இதற்காகத்தான். நீர் இருந்த இடத்தில் சர்க்கரை போய் உட்கார்ந்துகொண்டு தலைகளை விலக்கி வைக்கும், சவ்வு இறுகாது. ஸ்போர் போடும் பாசில்லஸுக்கு இந்தக் காப்பு அவ்வளவு தேவையில்லை. ஸ்போர் போடத் தெரியாத ஜானிபாக்டர் போன்றவற்றுக்கு இதுதான் உயிர். உலர்ந்த பொடி கண்ணாடி ஆம்பூலில் வெற்றிடத்தோடு சீல் ஆகும். இன்னொரு பகுதி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் போகும். ஆம்பூலைத் தருவித்து உடைப்பவருக்குச் சேகரிப்பு சொல்லி அனுப்பும் முக்கியக் குறிப்புகளில், எந்த ஊடகம், எத்தனை டிகிரி என்ற இரண்டும் தவறாமல் இருக்கும்.

2020இல் வகைப்பாட்டாளர்கள் பாசில்லஸ் என்ற பெரிய பேரினத்தைப் பிரித்து அடுக்கியபோது, மெகாட்டேரியத்தோடு ஆர்யபட்டாயும் பிரீஸ்டியா என்ற புதுப் பேரினத்துக்குக் குடிபெயர்ந்தது. இஸ்ரோனென்சிஸ் அதற்கு முன்பே சோலிபாசில்லஸ் ஆகியிருந்தது. இதற்குள் ஆர்யபட்டாய் பூமியின் பல இடங்களில் கண்டெடுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் மண்ணில், பயிர்களின் வேரடியில். சோயா போன்ற பயிர்களின் வளர்ச்சியை அது தூண்டுவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. வானத்தில் பிடிபட்டதால் வானியலாளரின் பெயர் பெற்ற பாக்டீரியாவை இப்போது தேடிப் படிப்பவர்களில் பலர் வேளாண் விஞ்ஞானிகள்.

மண்ணிலும் அதன் சவ்வுக்கு ஓய்வில்லை. புனேயின் டிசம்பரில் விடியற்காலை 10, 12 டிகிரி வரை இறங்கும். மதியம் 28, 30 டிகிரி. மே மாத மதியங்களில் காற்றே 38ஐத் தாண்டும். கறுப்பு மண்ணின் மேல்தோல் இன்னும் சூடேறும். முளா, முட்டா ஆற்றங்கரை வயலில் வேரை ஒட்டி வாழும் ஒரு செல் ஒரே நாளுக்குள் இரட்டைப் பிணைப்பு போடும் நொதியைச் செய்ய வேண்டியும் வரும், அது வீணாகப் போக விட வேண்டியும் வரும். ஃபுல்கோவின் மெகாட்டேரியத்துக்கு 35லிருந்து 20க்கு இறங்கும் மாற்றத்தை ஆய்வகத்தில் யாரோ ஒருவர் குடுவையை எடுத்து வேறு தொட்டியில் வைத்துக் கொடுத்தார். புனே மண்ணில் அதை ஒவ்வொரு சாயங்காலமும் சூரியன் செய்கிறது. ஆய்வகத் தட்டுக்கு வெளியே, ஏறி இறங்கும் இந்த வெப்பத்தில் வேரடி பாக்டீரியாக்களின் சவ்வு மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று வயலிலேயே அளக்க வேண்டும். அதற்கு வேண்டிய பாக்டீரியாவும் கருவியும் அதைச் செய்யத் தெரிந்த கைகளும் ஒரே ஊரில், பாஷாணுக்கும் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் கணேஷ்கிண்டுக்கும் இடையில் இருக்கின்றன.